குற்றாலத்துப் பாட்டு இல்லாத திருவாசகம்

இளையராஜாவின் 'திருவாசகம்' வெளிவந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. இத்தனை காலத்தில் நம் பக்கத்துத் தோழர்கள் அதைப்பற்றி இரண்டே விதமாகத்தான் பேசி வந்திருக்கிறோம். பண்ணைப்புரத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த மனுசன் ஹங்கேரி வரைக்கும் போய் வெள்ளைக்காரன் வாத்தியக்குழுவையே தமிழுக்கு வாசிக்க வைத்துவிட்டாரே என்கிற பெருமை ஒன்று. அவ்வளவையும் செய்து கடைசியில் சைவத்தின் காலடியில்தானே கொண்டுபோய் வைத்தார் என்கிற கோபம் இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டும் ஆளைப் பற்றிய பேச்சு. அந்த ஆறு பாட்டுகளைக் கேட்டுவிட்டு, இந்த இசைக்குள்ளே நமக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கணக்குப் பார்த்த பேச்சு அபூர்வம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் விவரங்கள். 2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாதெமியில் இந்தத் தொகுப்பு வெளியிடப்பட்டது. முயற்சி எடுத்தது பாதிரியார் ஜெகத் கஸ்பார் ராஜின் தமிழ் மையம். வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. ஆங்கில வரிகளை எழுதியவர், அமெரிக்க மேடை இசை நாடகங்களுக்குப் பேர்போன ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். 'சிம்பொனியில் திருவாசகம்' என்று ஊரெல்லாம் சொன்னாலும், இசை தெரிந்தவர்கள் இதை ஓரடோரியோ என்ற வகையில்தான் வைப்பார்கள். ஒரு சமயப் பாடத்தை எடுத்துக்கொண்டு, நடிப்பு இல்லாமல், தனிக்குரலும் சேர்ந்திசைக் குழுவும் வாத்தியக் குழுவுமாகச் சொல்லிச் செல்கிற ஐரோப்பிய வடிவம் அது. சர்ச்சில் வளர்ந்த வடிவத்தில் சைவத்தின் எட்டாம் திருமுறை.

1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி பதினைந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டின் டீக்கடை, கல்யாண வீடு, டவுன் பஸ் எல்லாம் இளையராஜாவின் கையில் இருந்தது. 1992-இல் 'ரோஜா' வந்தபிறகு நிலைமை மாறியது. 2005 வாக்கில் 'ராஜா காலம் முடிஞ்சி போச்சி' என்று பெட்டிக்கடையில்கூடத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த நேரத்தில் வந்ததால் இது ஒரு திரும்பி வருதலாகவே பார்க்கப்பட்டது. தனித்தொகுப்பு அவருக்குப் புதிதல்ல. 1986-இல் 'ஹவ் டு நேம் இட்', 1988-இல் 'நத்திங் பட் விண்ட்'. ஆனால் அவை இரண்டும் வாத்திய இசை, சொல் கிடையாது. 1993-இல் லண்டனில் பதிவான சிம்பொனி வெளியே வரவே இல்லை. 'ரமணமாலை' போன்ற பக்தித் தொகுப்புகள் அவருடைய சாய்வைக் காட்டின. இவ்வளவு பெரிய அளவில், இயக்குநர் சொன்ன காட்சிக்காக இல்லாமல், தானே தேர்ந்த சொல்லுக்குத் தானே இசையமைத்து முன்நின்று பாடியது திருவாசகத்தில்தான். அதனால் அவர் எந்தச் சொல்லைத் தேர்ந்தார், எதை விட்டார் என்ற கேள்வியை இங்கே கேட்டே ஆகவேண்டும். சினிமாப் பாட்டுக்கு 'சிச்சுவேஷன் அப்படி' என்று சொல்லித் தப்பலாம். இதற்கு அந்தத் தப்பித்தல் இல்லை.

திருவாசகம் 51 பகுதிகள். அவர் எடுத்தது ஆறு இடங்கள். யாத்திரைப் பத்திலிருந்து 'பூவார் சென்னி மன்னன்', சிவபுராணத்தின் நடுவிலிருந்து 'பொல்லா வினையேன்', திருக்கோத்தும்பியிலிருந்து 'பூவேறு கோனும்', பிடித்த பத்திலிருந்து 'உம்பர்கட்கரசே', திருப்பொற்சுண்ணத்திலிருந்து 'முத்துநற்றாமம்', அச்சப்பத்திலிருந்து 'புற்றில்வாழ் அரவும்'. இந்த ஆறில் இரண்டைப்பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை நன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

*

'பொல்லா வினையேன்' இருபது நிமிஷத்துக்கு நெருங்கிய பாட்டு. தொகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. புல்லாய், பூண்டாய், புழுவாய், மரமாய், மிருகமாய், பறவையாய், பாம்பாய், கல்லாய், மனுசனாய்ப் பிறந்து பிறந்து இளைத்துப் போனேன் என்று மாணிக்கவாசகர் முறையிடுகிற இடம். கோயிலில் ஓதுவார்கள் திருவாசகத்தை வழக்கமாக மோகனத்தில் பாடுவார்கள். அதில் ஒரு சாந்தம் வந்துவிடும், துக்கம்கூடப் பூசைக்கு வைத்த பூ மாதிரி ஒழுங்காக இருக்கும். இளையராஜா அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டார். அவர் குரல் கச்சேரிக் குரல் இல்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிகளுக்கு முன்னால் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினாரே அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன், அந்த மேடைகளில் வளர்ந்த குரல். கரகரப்பும் அடித்தொண்டையும் ஊர்வாடையும் கொண்டது. அந்தக் குரல் 'இளைத்தேன்' என்ற பொருளைச் சொல்லும்போது அது தத்துவமாக இல்லை, நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவரின் பெருமூச்சாகக் கேட்கிறது. நான் எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கத்தான் செய்கிறது.

ஆனால் அடைத்த நெஞ்சோடு ஒரு கேள்வியும் வருகிறது. மாணிக்கவாசகர் யார்? மரபு சொல்கிற கதைப்படி திருவாதவூர்ப் பிராமணர், பாண்டியனின் மந்திரி, குதிரை வாங்கக் கஜானாப் பணத்தோடு போனவர். அவர் தன்னை நாய் என்கிறார், நாயிலும் கடையன் என்கிறார், திரும்பத் திரும்பச் சொல்கிறார். முதுகலை வகுப்பில் எங்களுக்கு இதைப் பாடம் நடத்திய ஆசிரியர், "இதுதான் பக்தியின் உச்சம், அகந்தை அழிவு" என்று விளக்கிவிட்டு, பின்பெஞ்சில் இருந்த எங்கள் நாலு பேரைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் இது சுலபமா புரியுமே" என்றார். வகுப்பு சிரித்தது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை எங்க ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி எழுத்து படிக்காதவள், தென்காசியைச் சுற்றியுள்ள வயக்காட்டில் ஐம்பது வருஷம் நாத்து நட்டவள். வெத்தலையை மென்னுகிட்டே சொன்னாள்: "அவுக தன்னத்தானே நாயின்னு சொன்னா அது பாட்டு. நம்மள அவுக சொன்னா அது பேரு."

எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லாத திருவாசக விமர்சனம் இது. தாழ்த்திக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் உயரத்தில் இருந்தாகவேண்டும். மந்திரி நாயானால் அது ஞானம். நாயென்றே அழைக்கப்பட்டவன் இன்னொருமுறை தன்னை நாயென்று சொன்னால் அங்கே எந்த அகந்தை அழிகிறது? இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு இளையராஜாவின் குரலைக் கேளுங்கள். மந்திரியின் சொல், பண்ணைப்புரத்துக் குரல். சொல்லுக்கும் குரலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி திறக்கிறது. நம் குற்றாலத்துக்கே ஒரு நேரெதிர் உதாரணம் உண்டு. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குறத்தியின் வாயை வாங்கிக் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்கர் ஆட்சியில் அவருக்கு நிலம் கிடைத்தது, குறவஞ்சி மேடு என்று அதற்குப் பேரும் வந்தது. குறத்திக்கு ஒரு குழி நிலமும் கிடைத்ததாகக் கதையிலும் இல்லை. அங்கே கற்றவர் ஒருவர் ஒடுக்கப்பட்டவளின் குரலை எடுத்துக்கொண்டார். இங்கே ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் மந்திரியின் சொல்லை எடுத்துக்கொண்டார். தமிழ் இசையில் இது சாதாரண காரியம் இல்லை. இதைப் பார்ப்பனியத்துக்கு அடிபணிவது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற தோழர்கள் இந்த இடைவெளியைக் கேட்கத் தவறுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

அதேநேரம் அந்த இடைவெளியை அவரே மூடியும் விடுகிறார். நடுவில் ஆங்கிலக் குரல்கள் நுழைகின்றன. வினை என்ற சொல் அங்கே 'குறையுள்ள மனிதன்' என்கிற பொதுப் பொருளாக மாறிப்போகிறது. கேட்கிற வெள்ளைக்காரருக்கு இது அவர்கள் ஊர் பாவமன்னிப்பு மாதிரி சுகமாக இருக்கும். ஆனால் இந்த மண்ணில் வினை என்பது பொதுவான குறை இல்லை. போன பிறவியில் செய்ததற்கு இந்தப் பிறவியில் சேரி என்று நமக்குச் சொல்லப்பட்ட காரணம் அது. ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் இருக்கிற நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கத்தான் இந்த முற்பிறவிக் கர்மக் கோட்பாடு உதவுகிறது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் எழுதினார். புல், புழு, மிருகம், மனுசன் என்று ஏறுகிற அந்த ஏணியில் நமக்கு எந்தப் படி ஒதுக்கப்பட்டது என்று கேட்காத இசை, எவ்வளவு உருக்கினாலும் பாதி வழியில் நின்றுபோன இசைதான்.

*

அடுத்தது அச்சப்பத்து. புற்றில் இருக்கிற பாம்புக்குப் பயமில்லை என்று தொடங்குகிற முதல் பாட்டு, யாருக்குத்தான் பயம் என்று கடைசியில் சொல்கிறது. சிவனைத் தவிர இன்னொரு தெய்வம் உண்டு என்று நினைப்பவர்களைக் கண்டால்தான் பயமாம். சைவ மேடைகளில் இதை வைராக்கியம் என்பார்கள். தென்காசிப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிற எங்களுக்கு வேறு ஞாபகம் வருகிறது. 1981 பிப்ரவரி 19 அன்று மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. இன்னொரு தெய்வம் உண்டு என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். டெல்லி வரைக்கும் அச்சம் பரவியது. அதுவரை அந்த ஊருக்குப் பாதை தெரியாத தலைவர்களெல்லாம் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். ஏன் போனார்கள் என்று அந்த மக்கள் சொன்ன காரணத்தைக் கேட்டவர்கள் குறைவு.

குற்றாலநாதர் கோயிலின் தலபுராணமே ஒரு மதமாற்றக் கதைதான். பெருமாள் கோயிலாக இருந்ததை அகத்தியர் வந்து தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கம் ஆக்கினார் என்பது கதை. சங்கு வடிவில் இருக்கும் அந்தக் கோயிலில் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். சாமி மாறினால் புராணம், சனங்க மாறினால் சதியா? மாணிக்கவாசகரையும் சும்மா விடவில்லை கதை. ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்களைச் சிதம்பரத்தில் வாதில் வென்றார் என்று அது சொல்கிறது. 1956-இல் அம்பேத்கரோடு லட்சக்கணக்கான நம் மக்கள் எந்த பௌத்தத்துக்குப் போனார்களோ அதே பௌத்தத்தை. ஆகவே திருவாசகம் யாருக்கும் சொந்தமான, யாரையும் புண்படுத்தாத வெறும் உருக்கம் இல்லை. அதற்கு ஒரு கட்சி உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து இந்துப் பக்திக்கு வந்த இளையராஜா, ஒரு பாதிரியாரின் முயற்சியில், இந்தப் பாட்டையே தேர்ந்து பாடியிருக்கிறார் என்பதில் எத்தனை மடிப்பு இருக்கிறது பாருங்கள். ஆனால் இசையில் அந்த மடிப்பு ஒன்றும் இல்லை. வாத்தியக்குழு முழுபலத்தோடு எழும்பி, வீரம் என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்கிறது. 'பொல்லா வினைய'னில் இருந்த இடைவெளி இங்கே இல்லாமல் போனதால்தான் இந்தப் பாட்டு எனக்கு வெறும் பிரமாண்டமாகப் படுகிறது.

*

மாணிக்கவாசகர் முடிவில் சிதம்பரத்துக்குப் போனார். பாட்டுக்குப் பொருள் கேட்டவர்களுக்கு நடராசனையே காட்டிவிட்டு நேரே உள்ளே போய்க் கலந்தார் என்பது கதை. அதே சிதம்பரத்துக்கு ஆதனூர் நந்தனும் போனார். அவருக்கு நேர்வழி இல்லை, தீயில் இறங்கி எழுந்தபின்தான் உள்ளே. ஒரே கோயில், ஒரே சாமி, இரண்டு வாசல். நந்தன் பௌத்த அரசன் என்று அயோத்திதாசப் பண்டிதர் ஏன் கதையையே திருப்பி எழுதினார் என்பது இந்த இரண்டு வாசலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். திருவாசகத் தொகுப்பு வந்து மூன்று வருஷம் கழித்து, 2008 மார்ச் 2 அன்று, அதே சிதம்பரத்தின் சிற்றம்பல மேடையில் ஓதுவார் ஆறுமுகசாமி தேவாரம் பாடுவதற்கு அரசாணையும் போலீசும் தேவைப்பட்டன. புடாபெஸ்டில் தமிழுக்கு இடம் கிடைத்தது. சிதம்பரத்தில் காவலோடு போகவேண்டியிருந்தது.

2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், அவருடைய 'திவ்ய பாசுரம்' நிகழ்ச்சிக்குப் போன இளையராஜா அர்த்த மண்டப வாசலில் நிறுத்தப்பட்டு வெளியே வந்து நின்ற காட்சியை நாடே பார்த்தது. ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர யாரும் உள்ளே போவதில்லை, அதுதான் வழக்கம் என்றது அறநிலையத்துறை. வதந்தி பரப்புகிறார்கள், என் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் நான் இல்லை என்றார் அவர். அவருடைய வார்த்தையை நான் மதிக்கிறேன். அவருக்கு அவமானம் நடந்தது என்று அவர் சார்பில் நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மண்டப வாசல் யாருக்கு, எத்தனை நூற்றாண்டாக, எந்த வழக்கத்தால் மூடியிருக்கிறது என்ற கேள்வி அவருடைய தனிப்பட்ட விஷயம் இல்லை. அது நம்முடைய கேள்வி.

*

வெளிநாட்டு இசைக் கம்பெனிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பேர்பெற்ற தொகுப்பு பத்து வருஷம், இருபது வருஷம் ஆகிறபோது அதை மறுபடி வெளியிடுவார்கள், அப்போது முதலில் விட்டுப்போன பாட்டுகளையும் கூடச் சேர்ப்பார்கள். கில் ஸ்காட்-ஹெரான் என்கிற அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர், பாடகர், 1970களில் தன் மக்களின் கோபத்தைத் தாளத்தோடு பேசியவர். போதையிலும் சிறையிலும் காலம் போனது. 1994-க்குப் பிறகு பதினாறு வருஷம் கழித்து 2010-இல் 'நான் இங்கே புதியவன்' என்று பொருள்படும் பேரில் ஒரு தொகுப்போடு திரும்பி வந்தார். அடுத்த வருஷமே செத்துப்போனார். 2020-இல் அந்தத் தொகுப்பைக் கூடுதல் பாட்டுகளோடு மறுபடி வெளியிட்டார்கள். அது தொடங்குவதும் முடிவதும் அவரை வளர்த்த பாட்டியைப் பற்றிய கவிதையில். தகப்பன் இல்லாத வீட்டை உடைந்த குடும்பம் என்று உலகம் சொன்னபோது, என்னை ஆளாக்கியவர்கள் இந்தப் பெண்கள் என்று பேர் சொல்லி நிற்கிறார். திரும்பி வருகிறவர் எங்கே திரும்பி வருகிறார் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

நம் திருவாசகம் இன்னும் அப்படி மறுபடி வருமானால் எந்தப் பாட்டைச் சேர்க்கச் சொல்வீர்கள் என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வேன்: திருப்புலம்பலின் மூன்றாம் பாட்டு. குற்றாலத்துக் கூத்தனைக் கூப்பிட்டுப் பாடியது. சொந்தபந்தம் வேண்டாம், பிறந்த ஊர் வேண்டாம், பேரும் வேண்டாம், படித்தவர் சகவாசமும் வேண்டாம், கன்றுக்கு உருகும் பசுவைப்போல உன்னிடம் உருகினால் போதும் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. நடராசனின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை இருக்கிற எங்கள் ஊர்ப் பாட்டு என்பதற்காகக் கேட்கவில்லை. இளையராஜாவின் வாழ்க்கை முழுக்க நிற்கிற கேள்வி அந்த ஒரே பாட்டில் இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறேன்.

என்னை எந்தச் சாதிப்பேரோடும் சேர்க்காதீர்கள் என்பதுதான் அவர் நிலை. அதற்காக நம் தோழர்கள் அவரை ஏசியிருக்கிறார்கள். 2022-இல் அம்பேத்கரையும் மோடியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரைக்காக ஏசியது நியாயம், அது அரசியல். ஆனால் 'நீ யாருன்னு சொல்லு' என்று கேட்பது வேறு. டீக்கடையில் நம்மிடம் கேட்பார்களே, "தம்பிக்கு எந்தத் தெரு?" என்று, அந்தக் கேள்வியின் வாசனை இதிலும் அடிக்கிறது. பேரை விட்டுவிட்டு நடக்க ஒரு மனுசனுக்கு உரிமை உண்டு. நம் விடுதலையின் கடைசிப் படியே அதுதானே.

ஆனால் ஊர் வேண்டாம் என்று மந்திரி பாடியபோது அவருக்கு விட ஒரு ஊர் இருந்தது. ஊரே தன்னை ஊரென்று சேர்த்துக்கொள்ளாமல் சேரியென்று தள்ளியவன் எதை விடுவான்? பேர் வேண்டாம் என்று விட முதலில் கௌரவமான ஒரு பேர் வேண்டும். படித்தவர் சகவாசம் வேண்டாம் என்று சொல்ல முதலில் பள்ளிக்கூடத்துக்குள் விட்டிருக்க வேண்டும். ஆச்சி சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது. இந்தப் பாட்டை அவர் குரல் பாடினால், வேண்டாம் என்கிற ஒவ்வொரு சொல்லிலும் 'எனக்கு அது தரப்படவே இல்லையே' என்பதும் சேர்ந்து ஒலித்தே தீரும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். இன்னொன்றும் உண்டு. சொந்தபந்தம் வேண்டாம் என்கிற பாட்டை, அண்ணன் பேரில் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று படக் கம்பெனி நடத்திய குடும்பத்துத் தம்பி எந்த ராகத்தில் பாடுவார்? அவர் எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை என்பதற்கு அந்தப் பேரே சாட்சி.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனியை அரங்கேற்றிவிட்டார். இனி யாரிடமும் அவர் சான்றிதழ் வாங்கவேண்டியது இல்லை. ஆகவே அவர் பாடுவாரா என்று காத்திருக்கத் தேவையில்லை. தென்காசி, செங்கோட்டை, ஆலங்குளம் பக்கத்துக் கலைக்குழுத் தோழர்களுக்கும், இசை படிக்கிற மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்த மூன்றாம் பாட்டை எடுத்துப் பறையோடு மெட்டுப் போடுங்கள். அதன் பின்னாலேயே நம் பக்கத்து வரிகளை நீங்களே எழுதிச் சேருங்கள்: எங்களுக்கு ஊர் வேண்டும், பேர் வேண்டும், படிப்பு வேண்டும், அப்புறம் எதை விடுவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம் என்று. எழுதியதை இந்த இதழுக்கும் அனுப்புங்கள்.